தக்கலைக்கு நாலு வழி

நவம்பர் 23, ஞாயிறு

காலை எட்டரைக்கு அளந்தேன். 4 மி.மீ.

மாடியில் நான் வைத்திருப்பது சர்க்கார் மழைமானி இல்லை; நானே ஒரு புனலையும் பாட்டிலையும் சேர்த்துச் செய்தது. தாலுகா ஆபீஸில் பத்தொன்பது வருடம் இதுதான் என் வேலை. எட்டரை மணிக்கு மழைமானியைத் திறந்து, அளவு ஜாடியில் ஊற்றிப் பார்த்து, ரெஜிஸ்டரில் எழுதி, கலெக்டர் ஆபீஸுக்குப் போனில் சொல்ல வேண்டும். ரிட்டயராகி மூன்று வருடம் ஆகியும் எட்டரை அடித்தால் கால் தானாக மாடிக்குப் போகிறது. உலகம்மாளுக்கு இதில் சிரிப்பு. "சம்பளம் தாரவன் விட்டுட்டான், நீங்க விட மாட்டேங்கிய" என்பாள்.

பத்து மணிக்கு அனுஷியா போன் பண்ணினாள். எல்லாம் முடிவாகிவிட்டது. டிசம்பர் 11, வியாழன், காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் முகூர்த்தம். தக்கலை பக்கம் ஒரு முருகன் கோயில். மாப்பிள்ளை பெயர் சிவதாணு, காலேஜில் லேப் அசிஸ்டென்ட்.

"மாமா, நீங்களும் அத்தையும் வந்து என் கையப் புடிச்சுக் குடுத்தாத்தான் நான் மணவறையில உக்காருவேன். எனக்கு வேற யாரு இருக்கா?"

வருகிறோம் என்றேன். வேறு என்ன சொல்ல.

அனுஷியா எங்கள் மருமகள். என் மகன் குற்றாலிங்கத்தின் மனைவி. அவன் போய் நான்கு வருடமும் பதினாறு நாளும் ஆகின்றன. அதன் பிறகும் இரண்டு வருடம் எங்களோடுதான் இருந்தாள். பிறகு நாகர்கோவிலில் நர்ஸ் வேலை கிடைத்துப் போனாள். இந்தக் கல்யாணத்துக்கு அவளைச் சம்மதிக்க வைத்ததே உலகம்மாள்தான்.

தேதி சொன்னது நான். "எந்தத் தேதியில மழை இருக்காதுன்னு நீங்க பாத்துச் சொல்லுங்க மாமா, அதுல நல்ல நாள் பாத்துக்கிடுதோம்" என்று போன மாதம் கேட்டிருந்தாள். பத்தொன்பது வருட ரெஜிஸ்டருக்கும் என்னிடம் நோட்டில் பிரதி இருக்கிறது. டிசம்பர் பக்கங்களை மட்டும் புரட்டி, கார்த்திகைக் கடைசியில் மழை ஓய்ந்துவிடும் என்று சொன்னேன்.

நவம்பர் 27, வியாழன்

மழை இல்லை.

இங்கே ஆலங்குளத்திலிருந்து தக்கலை நூற்று முப்பது கிலோமீட்டருக்குள்தான். ஆனாலும் வடகிழக்குப் பருவமழைக் காலம். ஏற்பாடு இல்லாமல் வண்டியை எடுக்க முடியாது. பயணத்துக்கென்று தனி நோட்டு ஒன்று போட்டேன்.

முதல் வழி: திருநெல்வேலி போய் நாலுவழிச்சாலை பிடித்து நாங்குநேரி, நாகர்கோவில், தக்கலை. நல்ல சாலை.

இரண்டாம் வழி: திருநெல்வேலி வரை காரில் போய், வண்டியை ஸ்டேஷனில் விட்டுவிட்டு ரயில்.

மூன்றாம் வழி: தென்காசி, செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகக் கேரளாவுக்குள் இறங்கித் திருவனந்தபுரம், அங்கிருந்து தெற்கே வந்து தக்கலை.

உலகம்மாள் நோட்டை வாங்கிப் பார்த்தாள். "கேரளா வழியா சுத்திப் போறதுக்கு பாஸ்போர்ட்டும் எடுத்துருவமா?" என்றாள். ஆலங்குளத்தில் வெள்ளம் வந்தால் திருநெல்வேலிக்குப் போக முடியாது, அப்போது மேற்கே போய்த்தான் ஆக வேண்டும் என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்தாள். பிறகு, "அம்பை வழியாப் போனா களக்காட்டுக்கு நேரா எறங்கிரலாமே, அத ஏன் எழுதல?" என்று கேட்டாள்.

"அந்த ரோடு சரியில்லை" என்றேன்.

அவள் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். அந்த ரோட்டில்தான் மஞ்சனாத்தி ஓடை குறுக்கே வருகிறது. அதன் வெள்ளத்தில்தான் குற்றாலிங்கம் போனான்.

நவம்பர் 30, ஞாயிறு

2 மி.மீ.

வண்டிக்கு வைப்பர் ரப்பர் மாற்றினேன். ஸ்டெப்னிக்குக் காற்று. டிக்கியில் வைத்தவை: நைலான் கயிறு இருபது அடி, டார்ச், இரண்டு குடை, தார்ப்பாய் ஒன்று, தண்ணீர் கேன், பிஸ்கட், என் பிரஷர் மாத்திரை பத்து நாளைக்கு. கல்யாணப் புடவையை இரண்டு பாலித்தீன் பையில் சுற்றி, மேலே ஒரு துணிப்பையில் போட வேண்டும் என்று சொன்னேன்.

"நாம போறது கல்யாணத்துக்கு. படகுல போறாப்புல சாமான் கட்டுதிய. எட்டாந்தேதியே போயிருவோம். மூணு நாள் அனு கூட இருந்தாப்புலயும் இருக்கும். மழையும் ஒண்ணும் செய்யாது, பிளானும் வேண்டாம்."

யோசிக்கலாம் என்றேன். வங்காள விரிகுடாவில் ஆறாம் தேதிவாக்கில் காற்றழுத்தத் தாழ்வு ஒன்று உருவாகலாம் என்று ரேடியோவில் சொன்னான். உருவாகி எங்கே நகர்கிறது என்று தெரியாமல் கிளம்புவது புத்திசாலித்தனம் இல்லை.

டிசம்பர் 2, செவ்வாய்

மழை இல்லை.

கந்தையா வந்திருந்தான். எனக்கு அப்புறம் தாலுகா ஆபீஸில் மழைமானியைப் பார்த்தவன். இப்போது அங்கே மெஷின் வைத்துவிட்டார்களாம். தானாகவே அளந்து தானாகவே அனுப்பிவிடும்.

"ஊரே உங்களத்தான் சார் பேசுது. மருமகளுக்குத் தகப்பன் ஸ்தானத்துல நின்னு கல்யாணம் பண்ணி வைக்கதுக்கு எத்தன பேருக்கு மனசு வரும்? பெரிய மனுசன் நீங்க."

இந்தப் பேச்சை நான் இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கறிக்கடையில் சொல்கிறார்கள், கோயிலில் சொல்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எழுந்து போய்விடலாம் போலிருக்கும்.

கந்தையா காபிக்குக் காத்துக்கொண்டே மெஷின் கதைக்குத் திரும்பினான். "நம்ம காலத்துல என்ன சார், ஞாயித்துக்கிழமையெல்லாம் யாரு பஸ்ஸேறிப் போயிப் பாத்தா? வீட்டுல இருந்தே வானத்தைப் பாத்து ஒரு குத்துமதிப்பாப் போட்டுருவோம். அஞ்சு, பத்து, பன்னெண்டுன்னு..." சொல்லிவிட்டுச் சிரித்தான்.

"நான் அப்படிப் போட்டதில்ல" என்றேன்.

"சும்மா சொன்னேன் சார், கோவிச்சுக்கிடாதிய."

காபி வருவதற்குள் எனக்கு வெளியே வேலை இருக்கிறது என்று சொல்லி எழுந்துவிட்டேன். அவன் போன பிறகு உலகம்மாள் டம்ளரோடு நின்றாள். இந்த மனுஷனுக்கு என்ன வந்தது என்கிற பார்வை.

டிசம்பர் 3, புதன்

மழை இல்லை. திருக்கார்த்திகை. உலகம்மாள் ஓலைக்கொழுக்கட்டை அவித்தாள். அனுவுக்குப் பிடிக்கும் என்று வாய்விட்டுச் சொன்னாள். சாப்பிட்டேன்.

டிசம்பர் 5, வெள்ளி

மழை இல்லை. மேகம்.

தாழ்வுப்பகுதி உருவாகிவிட்டது. ரேடியோவில் சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்னாலேயே.

உலகம்மாள் காலையிலேயே ஆரம்பித்தாள். "நாளைக்கே கிளம்பிருவோம். மழைக்கு முன்னால போயிருவோம்." தங்க இடம் ஏற்பாடாகவில்லை என்றேன். அவள் என் எதிரிலேயே அனுவுக்குப் போன் போட்டாள். கோயில் பக்கத்திலேயே எங்களுக்கு ரூம் போட்டிருக்கிறாளாம். ஆறாம் தேதியிலிருந்தே காலி. சரி, எனக்கு ஒன்பதாம் தேதி பேங்கில் உயிர்ச்சான்று கொடுக்க வேண்டும் என்றேன். அதைப் போன மாதமே கொடுத்தாயிற்று என்று அவள் சொல்வதற்குள் எனக்கே ஞாபகம் வந்துவிட்டது.

நான்காம் வழி ஒன்றை நோட்டில் சேர்த்தேன்: கோவில்பட்டி, தூத்துக்குடி, திருச்செந்தூர், கடற்கரையோரமாகக் கன்னியாகுமரி. எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது, புயல் வந்தால் முதலில் மூடுவது அந்த ரோட்டைத்தான். அதை அடித்து அழிக்கவில்லை. இருக்கட்டும்.

டிசம்பர் 6, சனி

3 மி.மீ.

இன்று சண்டை. நாற்பது வருடத்தில் நாங்கள் சண்டை போட்டது குறைவு. உலகம்மாள் சத்தம் போடாமல்தான் சொன்னாள்.

"மழை மேல ஏன் பழியப் போடுதிய? அவ இன்னொரு வீட்டுக்குப் போறது உங்களுக்குப் புடிக்கல. நம்ம புள்ள எடத்துல இன்னொருத்தன் நிக்கத உங்களால பாக்க முடியல. எனக்கு மட்டும் வயிறு எரியாதா? ஆனா அவளுக்கு முப்பத்திரெண்டு வயசு. அவ நம்மள நம்பி உக்காந்திருக்கா."

அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். அப்படி நினைப்பதே பரவாயில்லை.

உண்மையில் எனக்கு அந்தப் பையன் மேல் ஒரு குறையும் இல்லை. இரண்டு தடவை பேசியிருக்கிறேன், மரியாதையானவன். அனு நன்றாக இருக்க வேண்டும் என்று நான் கும்பிடாத நாள் இல்லை. இதை எழுதி வைக்கிறேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

31 மி.மீ.

டிசம்பர் 8, திங்கள்

68 மி.மீ. கரண்ட் இல்லை.

தெருவில் முழங்கால் தண்ணீர். சொல்லக் கூடாது, ஆனால் அளவு ஜாடியில் அறுபத்தெட்டைப் பார்த்தபோது எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. பார்த்துத்தான் எழுதினேன், இரண்டு தடவை ஊற்றிப் பார்த்தேன். இத்தனை மழையில் யார் கிளம்ப முடியும்? யார் குறை சொல்ல முடியும்?

நானே அனுவுக்குப் போன் போட்டேன். நிலைமையைச் சொன்னேன்.

"வர முடியலைன்னா சொல்லுங்க மாமா. தை மாசத்துக்குத் தள்ளி வச்சிருவோம். அவங்க வீட்டுல நான் பேசிக்கிடுதேன். நீங்க ரிஸ்க் எடுக்காதிய. ஒரு தடவ மழையில பட்டது போதும் எனக்கு."

உலகம்மாள் போனைப் பிடுங்கினாள். "தள்ளி வைக்கண்டாம்ளா. வருவோம். நீந்தியாச்சும் வருவோம். நீ மருதாணி வையி."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்க்காமலே அடுப்படிக்குப் போனாள்.

டிசம்பர் 9, செவ்வாய்

22 மி.மீ. மதியத்துக்கு மேல் தூறல்தான். தாழ்வுப்பகுதி மேற்கே கரை தாண்டிப் போய்விட்டதாம். நாளைக்கு லேசான மழை மட்டுமே.

உலகம்மாள் பையெல்லாம் கட்டி வாசலில் வைத்தாள். மறுபடியும் ஓலைக்கொழுக்கட்டை அவித்திருக்கிறாள். நாளைக் காலை ஆறரைக்குக் கிளம்ப வேண்டும். இனி சொல்வதற்குக் காரணம் இல்லை.

டிசம்பர் 10, புதன்

வீட்டில் இருக்கிறேன். மாலை ஐந்து மணி. உலகம்மாள் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை ஆறரைக்குக் கிளம்பினோம். பிசுபிசுவென்று தூறல், வைப்பர் கூட அடிக்கடி தேவைப்படவில்லை. திருநெல்வேலி ரோட்டில் எட்டு கிலோமீட்டர் போனதும் போலீஸ் மறித்தார்கள். ஒரு குளம் மறுகால் பாய்ந்து ரோட்டுக்கு மேல் ஓடுகிறது. ஒரு கான்ஸ்டபிள் ஜன்னல் பக்கம் குனிந்து சொன்னார்: "இந்தப் பக்கம் இடுப்பளவு தண்ணி கெடக்கு ஐயா. திரும்பி அம்பை ரோட்டுல போங்க. மஞ்சனாத்தி ஓடையில புதுப்பாலம் கட்டியாச்சுல்லா, ஒரு பிரச்சினையும் இல்ல. பஸ்ஸெல்லாம் அதுலதான் போகுது."

தென்காசி போய்க் கேரளா வழி பார்க்கலாம் என்றேன். உலகம்மாள், "பஸ்ஸே போகுதுங்காவ" என்றாள். பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. எல்லா வண்டியும் போகிற பக்கம் என் வண்டியும் போயிற்று.

நான்கு வருடமாக அந்தப் பக்கம் நான் போனதில்லை; ரிட்டயராகும் வரை ஆபீஸுக்குக்கூட சுற்று வழி பஸ்ஸில்தான் போனேன். முன்பு அங்கே தரைப்பாலம்தான், ரோட்டோடு ரோடாகக் கிடக்கும். இப்போது உயரமான பாலம், இரண்டு பக்கமும் கைப்பிடிச்சுவர், மஞ்சள் பெயின்ட். கீழே செந்தண்ணீர் ஓடுகிறது. பாலத்துக்கு ஒரு ஆள் உயரத்துக்கும் கீழே. மேலே ரோடு காய்ந்து கிடக்கிறது என்றே சொல்லலாம். பஸ் போகிறது, பால் வண்டி போகிறது, ஒரு பெண் ஸ்கூட்டியில் பிள்ளையை வைத்துக்கொண்டு போகிறாள்.

பாலத்துக்கு நூறு அடி முன்னால் வண்டியை நிறுத்திவிட்டேன்.

உலகம்மாள் கியர் மேலிருந்த என் கைமேல் அவள் கையை வைத்தாள். "அவன் நெனப்புதான? எனக்கும் வருது. மெதுவாப் போங்க. அவன நெனச்சுக்கிட்டே தாண்டிருவோம். மலைக்குள்ள பெஞ்ச மழைக்கு நாம என்ன செய்ய முடியும்?"

இந்த வாக்கியத்தை அவள் நான்கு வருடமாகச் சொல்லி வருகிறாள். அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நானும் தலையாட்டி வந்தேன். ஆனால் என் கைமேல் கை வைத்துச் சொன்னதைத் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

அது தீபாவளி கழிந்த ஞாயிறு. இங்கே ஆலங்குளத்தில் ராத்திரி லேசாகத் தூறியிருந்தது. மழைமானி இருப்பது மலையடிவாரத்தில், அம்பை தாலுகா ஆபீஸில். பஸ்ஸில் முக்கால் மணி நேரம். எனக்குச் சோம்பல். எல்லோரும் செய்வதுதான், நானும் எத்தனையோ ஞாயிறு செய்திருக்கிறேன். வீட்டிலிருந்தே வானத்தைப் பார்த்துப் பன்னிரண்டு என்று முடிவு பண்ணி, எட்டரைக்குக் கலெக்டர் ஆபீஸுக்குப் போனில் சொன்னேன். பன்னிரண்டு மில்லிமீட்டர். அவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

ஒன்பதரைக்குக் குற்றாலிங்கம் போன் பண்ணினான். அப்போது அனுவுக்கு அம்பையில் ஆஸ்பத்திரி வேலை. ராத்திரி டியூட்டி முடிந்து காத்திருந்தாள், அவளைக் கூட்டிவர பைக்கில் போயிருந்தான். ரோடு பிரியும் விலக்கில் நின்று போனில் கேட்டான்: "அப்பா, மலைப்பக்கம் மழை எப்படி? ஓடை வழியே போகட்டுமா, சுத்திப் போகட்டுமா?"

"பன்னெண்டுதான்டே. கணுக்காலு நனையாது. போ" என்றேன்.

நான் பொய் சொல்வதாக எனக்கே தோன்றவில்லை. ஒரு மணி நேரம் முன்னால் சர்க்காருக்குச் சொன்ன எண். சொன்னபிறகு அது நான் பார்த்த எண் மாதிரியே ஆகிவிட்டது.

மறுநாள் திங்கட்கிழமை, அம்பை ஆஸ்பத்திரியில் அவன் உடலைத் தருவதற்குக் காத்திருந்தோம். தாலுகா ஆபீஸ் அடுத்த தெரு. எட்டரைக்கு என் கால் அங்கே போயிற்று. ஞாயிறு காலைக்குப் பிறகு அங்கே சொட்டு மழை இல்லை என்று வாட்ச்மேன் சொன்னார். திறந்து ஜாடியில் அளந்தேன். நூற்று நாற்பத்தாறு. ஜாடியை வேப்பமரத்தடியில் கவிழ்த்தேன். ரெஜிஸ்டரில் ஞாயிறுக்குப் பன்னிரண்டு, திங்களுக்குப் பூஜ்யம் என்று எழுதினேன். இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது. மலைக்குள்ளே மட்டும் பெய்த மழை என்று எல்லோரும் பேசினார்கள். நான் மறுக்கவில்லை.

இதையெல்லாம் வண்டிக்குள் உட்கார்ந்து சொன்னேன். உலகம்மாள் என் கைமேலிருந்து அவள் கையை எப்போது எடுத்தாள் என்று தெரியவில்லை.

"பாக்காமலா சொன்னிய?" என்றாள்.

"ஆமா."

"பஸ்ஸேறிப் போயிப் பாக்க எவ்வளவு நேரம் ஆயிருக்கும்?"

"முக்கா மணி நேரம்."

"செரி, போகல. அவன் கேட்டான்லா. நான் பாக்கலடே, எனக்குத் தெரியாதுன்னு சொல்லதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

நான் அழுதேன். அவள் அழவில்லை. அவள் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் பரவாயில்லாமல் இருந்திருக்கும்.

பிறகு கதவைத் திறந்து இறங்கினாள். பின்சீட்டிலிருந்து புடவைப் பையையும் கொழுக்கட்டைத் தூக்குச்சட்டியையும் எடுத்தாள். குடையை எடுக்கவில்லை. நானும் இறங்கி, "நானும் வாரேன், வண்டிய இங்ஙனயே விட்டுட்டு பஸ்ல வாரேன்" என்றேன்.

"வேண்டாம். அந்தக் கையால அவ கையப் புடிக்கண்டாம்."

நாகர்கோவில் பஸ் வந்துகொண்டிருந்தது. கையைக் காட்டி நிறுத்தினாள். ஏறுவதற்கு முன் திரும்பி வந்து, பக்கத்தில் நின்று, யாருக்கும் கேட்காமல் சொன்னாள்: "அனுகிட்ட இத ஒருநாளும் சொல்லப்படாது. சொன்னா உங்களுக்கு லேசாயிரும். அவளுக்கு, தனக்காகத்தான அவன் அந்த வழி வந்தான்னு ஆயிரும். நீங்களே வச்சுக்கிடுங்க."

பஸ் பாலத்தைத் தாண்டிப் போயிற்று. நான் மதியம் வரை அங்கேயே நின்றேன். அதற்குள் மழை சுத்தமாக விட்டுவிட்டது. திரும்பி வந்தேன்.

டிசம்பர் 11, வியாழன்

மாடிக்குப் போகவில்லை.

ஒன்பதிலிருந்து பத்தரை வரை கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். நல்ல வெயில். பக்கத்து வீட்டில் நனைந்த பாயெல்லாம் கொண்டுவந்து காயப்போட்டார்கள். நான் குறித்துக் கொடுத்த நாள் பொய்க்கவில்லை. மழை ஓய்ந்துவிட்டது. ரோடெல்லாம் திறந்துவிட்டதாகச் செய்தியில் சொன்னான். இப்போது கிளம்பினால் நாலு வழியிலும் போகலாம்.

பதினொன்றேகாலுக்கு அனுஷியாவின் போன். பின்னால் நாதஸ்வரம், பந்திச் சத்தம்.

"மாமா! முடிஞ்சுது மாமா. நல்லபடியா முடிஞ்சுது. உங்களுக்கு எப்படி இருக்கு? அத்த சொன்னாவ, காய்ச்சல்ல எந்திரிக்கவே முடியலைன்னு. நான் அழுதுட்டேன். வீடியோவுல காட்டலாம்னா, தூங்கட்டும், எழுப்பாதன்னு அத்த சத்தம் போடுதாவ."

"இப்பக் கொஞ்சம் பரவாயில்லம்மா" என்றேன். "நல்லா இருங்க ரெண்டு பேரும்."

"கோயில் பூசை போத்தி கேட்டாரு மாமா, தாரை வார்க்க மாமா இல்லையா, வேற ஆம்பிளை யாராச்சும் நில்லுங்கன்னாரு. அத்த ஒத்துக்கிடல. நாந்தான் குடுப்பேன்னு ஒத்தைக்கு நின்னு குடுத்துட்டாவ. எல்லாரும் அத்தையவே பாத்தாங்க. நீங்க இருந்திருக்கணும் மாமா."

"அத்தை எங்க?"

"இங்ஙனதான். இருங்க, குடுக்கேன்." போன் கை மாறுகிற சத்தம் கேட்டது. யாரோ ஏதோ சொன்னார்கள். பிறகு மறுபடியும் அனுவின் குரல்தான். "சாப்பிடப் போறாவளாம் மாமா. பொறவு பேசுதாவளாம்."

"சரிம்மா."

"மாமா, இன்னொண்ணு. ஞாயித்துக்கிழம மறுவீட்டுக்கு அங்கதான் வாரோம். அத்தையையும் எங்க வண்டியிலயே கூட்டிட்டு வந்துருதோம். அவுக வீட்டுல கேக்காவ, மழை பெஞ்சு ரோடெல்லாம் எப்படி இருக்கோ, எந்த வழியா வரணும்னு. எங்க மாமாட்ட கேட்டாப் போதும், அவுக சொன்னா தப்பாதுன்னு சொல்லிருக்கேன். எந்த வழியா வரட்டும் மாமா?"

செய்தியில் கேட்டது வாய் வரை வந்தது. எல்லா ரோடும் திறந்தாச்சு, தாராளமா வா என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையாகவும் இருக்கலாம்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றேன்.

"என்ன மாமா, உங்களுக்குத் தெரியாத ரோடா?"

"தெரியாதும்மா. நான் பாக்கல. அங்கேயே நாலு பேர்ட்ட விசாரிச்சு, கண்ணால பாத்தவங்ககிட்ட கேட்டுட்டு வாங்க."

அவள் சிரித்தாள். கல்யாணப் பெண்ணின் சிரிப்பு, கேட்க நன்றாக இருந்தது. பக்கத்தில் இருந்தவர்களிடம் திரும்பி, "மாமாவுக்கு நெசமாவே காய்ச்சல்தான்" என்று சொல்வது கேட்டது.